சண்டை போடாமலே தோற்ற நாடு

கிரிமியப் போர் என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளிப் பாடத்தில் படித்த ஒரே பேர்தான் ஞாபகம் வரும். கையில் விளக்கோடு நிற்கும் புளோரன்ஸ் நைட்டிங்கேல். 1853 முதல் 1856 வரை நடந்த போர். ஒரு பக்கம் ரஷ்யா. மறுபக்கம் துருக்கி, பிரிட்டன், பிரான்ஸ், பிற்பாடு வந்து சேர்ந்த சார்டினியா. ரஷ்யா தோற்றது. பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது வேறொரு கேள்வியால். 1815-ல் நெப்போலியன் கதை முடிந்ததிலிருந்து ஏறத்தாழ நாற்பது வருஷம் ஐரோப்பாவின் ஐந்து வல்லரசுகளும் தங்களுக்குள் ஒரு போர்கூடப் போடவில்லை. அதற்கப்புறம் 1854-க்கும் 1871-க்கும் இடையில் நான்கு முறை போட்டார்கள். இத்தாலி என்று ஒரு நாடு பிறந்தது, ஜெர்மனி என்று ஒரு நாடு பிறந்தது. நாற்பது வருஷம் தாங்கின ஒரு ஏற்பாடு அடுத்த பதினேழு வருஷத்தில் இப்படிப் பொலபொலவென்று உதிரக் காரணம் என்ன?

தேடிக்கொண்டு போனால் தடம் கிரிமியாவுக்குத்தான் போகிறது. ஆனால் விசித்திரம் என்னவென்றால், அந்தப் போரில் அதிகம் இழந்தது போரிட்ட நாடுகளில் ஒன்று இல்லை. ரஷ்யாவை நோக்கி ஒரு குண்டுகூடச் சுடாத ஆஸ்திரியா. ரஷ்யா இழந்ததைப் பதினைந்து வருஷத்தில் பெரும்பாலும் மீட்டுக்கொண்டது. ஆஸ்திரியா இழந்தது திரும்ப வரவே இல்லை.

முதலில் பழைய ஏற்பாடு என்னவென்று பார்த்துவிடலாம். 1815 செப்டம்பரில் ரஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யா மூன்று நாட்டு மன்னர்களும் சேர்ந்து ‘புனிதக் கூட்டணி’ என்று ஒன்றை அமைத்தார்கள். பேரில் நிறையக் கடவுள் இருந்தாலும் உள்ளே இருந்த பசை இரண்டுதான். ஒன்று, மக்கள் புரட்சி பற்றிய பயம். இன்னொன்று போலந்து. அந்த நாட்டை 1772, 1793, 1795 என்று மூன்று தவணையில் பங்கு போட்டுக்கொண்டவர்கள் இந்த மூவரும்தான். கூட்டாகக் களவாண்டவர்கள் ஒருத்தரையொருத்தர் காட்டிக்கொடுக்க முடியாது இல்லையா, அந்த மாதிரி நெருக்கம்.

இந்த நட்பின் உச்சம் 1849. அதற்கு முந்தைய வருஷம் ஐரோப்பா முழுக்கப் புரட்சி. வியன்னாவில் முப்பது வருஷத்துக்கு மேல் அசைக்க முடியாமல் இருந்த மெட்டர்னிக் ஊரை விட்டே ஓடினார். 18 வயசுப் பையன் பிரான்ஸ் ஜோசப் அரியணை ஏறினான். ஹங்கேரி, கோஷுத் தலைமையில், ஆஸ்திரியப் பேரரசிலிருந்து விலகிவிட்டதாக அறிவித்தது. ஆஸ்திரியப் படையால் தனியாக அடக்க முடியவில்லை. இளைஞன் வார்சாவுக்குப் போய் ரஷ்யாவின் ஜார் முதலாம் நிக்கலஸிடம் உதவி கேட்டான். நிக்கலஸ் ஏறத்தாழ 2 லட்சம் பேரை அனுப்பினார். பதிலுக்கு நிலம் கேட்கவில்லை, பணயம் கேட்கவில்லை. சண்டையில் செத்த ரஷ்யர்களைவிடக் காலராவில் செத்தவர்கள் பல மடங்கு. 1849 ஆகஸ்டில் ஹங்கேரியப் படை சரணடைந்தது. அதுவும் ஆஸ்திரியாவிடம் இல்லை, ரஷ்யத் தளபதியிடம்.

ஆக, நிக்கலஸின் மனக்கணக்கில் ஆஸ்திரியா தன் கையால் கரையேற்றிவிட்ட பிள்ளை. 1853 ஜனவரியில் பிரிட்டிஷ் தூதர் சீமூரிடம் துருக்கியைச் சாகக்கிடக்கும் நோயாளி என்று வர்ணித்துப் பங்கு பிரிப்பது பற்றிப் பேசினாரே, அந்தப் பேச்சில் ஆஸ்திரியா என்ன நினைக்கும் என்ற கேள்விக்கு, ரஷ்யா என்று நான் சொன்னால் அதில் ஆஸ்திரியாவும் அடக்கம் என்கிற தொனியில்தான் பதில் சொன்னார்.

போருக்கு உடனடிக் காரணம் பெத்லகேம் தேவாலயத்துச் சாவி கத்தோலிக்கத் துறவிகள் கையிலா, கிரேக்கத் துறவிகள் கையிலா என்கிற தகராறு. கத்தோலிக்கர்களுக்குப் பிரான்ஸ் வக்காலத்து, மற்றவர்களுக்கு ரஷ்யா. அதை நீட்டிப் பேச வேண்டியதில்லை. முக்கியமானது அடுத்து நடந்தது: துருக்கியை மிரட்ட 1853 ஜூலையில் ரஷ்யா மால்டாவியா, வலாக்கியா என்ற இரண்டு சிற்றரசுகளுக்குள் படையை இறக்கியது. இன்றைய ருமேனியாவின் பெரும்பகுதி இது. பெயரளவில் துருக்கிக்குக் கீழே இருந்த பூமி.

இங்கேதான் வரைபடத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கணும். டான்யூப் நதி வியன்னா வழியாக ஓடி, ஹங்கேரியைத் தாண்டி, வலாக்கியாவின் எல்லையோரமாகவே போய்க் கருங்கடலில் விழுகிறது. ஆஸ்திரியாவின் கிழக்கு வணிகத்துக்கு அதுதான் வாசல். அந்த வாசலில் ரஷ்யப் படை வந்து உட்கார்ந்தால்? வணிகம் ஒருபுறம் இருக்கட்டும், ஆஸ்திரியப் பேரரசுக்குள் லட்சக்கணக்கில் ஸ்லாவ் மக்கள் இருக்கிறார்கள், அவர்கள் ரஷ்யாவைப் பார்த்துத் திரும்ப ஆரம்பித்தால்? ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது வீட்டுக்குச் சரி. வியன்னாவில் உட்கார்ந்திருந்த வெளியுறவு அமைச்சர் பூவோலுக்கு டான்யூப்தான் கண்ணில் தெரிந்தது.

ரஷ்யா பக்கம் சேர்ந்தால், பிரான்ஸ் இத்தாலியில் தீ வைக்கும். அப்போது வட இத்தாலியில் மிலானும் வெனிஸும் ஆஸ்திரியாவின் கையில் இருந்தன, அங்கே ஜனங்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டன், பிரான்ஸ் பக்கம் சேர்ந்தால், அந்த இரண்டு பேரும் கப்பலில் வந்து கடலோரம் சண்டை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ரஷ்யாவின் பிரம்மாண்டமான தரைப்படை மோத வருவது ஆஸ்திரியாவின் கலீசியா எல்லையில். இரண்டு பக்கமும் இடி, நடுவில் மத்தளம்.

பூவோல் எடுத்த முடிவு மதில் மேல் பூனை என்று சொல்லும்படி சும்மா உட்கார்ந்திருந்தது இல்லை. அப்படி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் போருக்குப் போகாமல் போரின் பலனை மட்டும் எடுக்கப் பார்த்தார். 1854 ஜூனில் ரஷ்யாவுக்கு ஒரு கெடு: இரண்டு சிற்றரசுகளையும் விட்டு வெளியேறு. கிழக்கு எல்லையில் பெரும்படை திரட்டி நிறுத்தினார். ரஷ்யா வேறு வழியில்லாமல் ஆகஸ்டுக்குள் வெளியேற, அந்த இடத்தில் ஆஸ்திரியப் படையே போய் உட்கார்ந்துகொண்டது.

போரின் காரணமே அதோடு தீர்ந்துவிட்டது, கவனிச்சீங்களா? துருக்கியைக் காப்பாற்ற வந்த பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் அப்போது பல்கேரியக் கரையில் வர்ணாவில் முகாம் போட்டிருந்தன. எதிரே எதிரியே இல்லை. நடுவில் ஆஸ்திரியாக்காரன் நிற்கிறான். வந்தது வந்தாச்சு, ஏதாவது செய்யணும் என்று கடல் தாண்டி 1854 செப்டம்பரில் கிரிமியாவில் இறங்கினார்கள். செவஸ்தபோல் கடற்படைத் தளத்தை முற்றுகையிட்டார்கள். பதினொரு மாசம் சேறு, குளிர், காலரா. இந்தப் போருக்குக் ‘கிரிமியப் போர்’ என்று பேர் வந்ததற்கே ஒருவகையில் ஆஸ்திரியாதான் காரணம் என்று எனக்குத் தோணும்.

1854 டிசம்பரில் பூவோல் பிரிட்டன், பிரான்சோடு ஒரு கூட்டணி ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டார். ஆனாலும் படையை அனுப்பவில்லை. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால். திரட்டி வைத்த படைக்குச் சோறு போட்டே கஜானா காலி. அரசு ரயில் பாதைகளைப் பிரெஞ்சு முதலீட்டாளர்களுக்கு விற்கிற நிலைமை. எல்லையில் நின்ற படையில் ஆயிரக்கணக்கானோர் சண்டையே இல்லாமல் நோயில் செத்தார்கள்.

நிக்கலஸுக்கு இது எப்படி இருந்திருக்கும்? அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வியன்னாவைக் காப்பாற்றிய முட்டாள்கள் இரண்டு பேர், 1683-ல் துருக்கியரிடமிருந்து காப்பாற்றிய போலந்து மன்னன் சோபியெஸ்கி ஒருவன், நான் இன்னொருவன் என்று ஆஸ்திரியத் தூதரிடமே சொன்னாராம். நடந்ததோ இல்லையோ, அந்தக் காலத்து ரஷ்ய அரசவையின் மனசு அதில் இருக்கிறது. 1855 மார்ச்சில் அவர் இறந்தார். மகன் இரண்டாம் அலெக்சாண்டர் அரியணையோடு சேர்த்து அந்தக் கோபத்தையும் வாங்கிக்கொண்டான்.

இப்போது வேறு இரண்டு நாடுகளைப் பார்க்கணும். அப்போதுதான் ஆஸ்திரியா செய்ததன் விலை புரியும்.

ஒன்று பிரஷ்யா. அதுவும் போரில் சேரவில்லை. ஆஸ்திரியா கூப்பிட்டபோது ஒரு ஒப்பந்தம் போட்டது உண்மை. ஆனால் ரஷ்யா மேல் படையெடுக்கிற பேச்சு வந்தபோதெல்லாம் நழுவிக்கொண்டது. பிரஷ்ய மன்னரின் தங்கைதான் ஜாரின் மனைவி என்பதும் ஒரு காரணம். கடல் வழி அடைபட்டிருந்த ரஷ்யாவுக்குப் பிரஷ்யா வழியாகச் சரக்கு போய்வந்தது. பிராங்க்பர்ட்டில் பிரஷ்யப் பிரதிநிதியாக இருந்த ஒருவர், உறுதியான நம்ம கப்பலை ஆஸ்திரியாவின் புழு அரித்த பழைய கப்பலோடு கட்டிவிடாதீர்கள் என்கிற பொருளில் எழுதிக்கொண்டிருந்தார். பேர் பிஸ்மார்க். அன்றைக்குப் பார்த்தவர்களுக்குப் பிரஷ்யா கோழையாகத்தான் தெரிந்தது. சமாதான மாநாட்டுக்குக்கூட அதை முதலில் கூப்பிடவில்லை. பாதியில்தான் உள்ளே விட்டார்கள்.

இன்னொன்று சார்டினியா. வட இத்தாலியில், டூரினைத் தலைநகராகக் கொண்ட சின்ன அரசு. ரஷ்யாவோடு அதற்கு ஒரு வாய்க்கால் தகராறு கூடக் கிடையாது. ஆனால் அதன் பிரதமர் காவூர் 1855 ஜனவரியில் கூட்டணியில் சேர்ந்து சுமார் 15,000 பேரைக் கிரிமியாவுக்கு அனுப்பினார். நம்மூரில் ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்பார்கள். காவூர் படைக்கு முந்தியதே பந்தியில் இடம் பிடிக்கத்தான். ஆகஸ்டில் செர்னாயா ஆற்றங்கரைச் சண்டையில் இத்தாலியர்கள் நன்றாகவே நின்றார்கள். 1856-ல் பாரிஸ் மாநாட்டில் வல்லரசுகளோடு ஒரே மேசையில் காவூர் உட்கார்ந்தார். ஏப்ரல் 8-ம் தேதி இத்தாலியின் நிலைமை பற்றிப் பேச்சு எழுந்தது. ஆஸ்திரியா எதிர்ப்புத் தெரிவித்தது. ஒரு அடி நிலம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் வாசலுக்கு வெளியே பேசிக்கொண்டிருந்த விஷயம் கூடத்துக்குள் வந்துவிட்டது.

அந்த மாநாட்டுக்கு முன்னால் ஆஸ்திரியா இன்னொரு காரியம் பண்ணியது. என் பார்வையில் எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். செவஸ்தபோல் 1855 செப்டம்பரில் விழுந்துவிட்டது. ரஷ்யா களைத்துக் கிடக்கிறது. டிசம்பர் கடைசியில் பூவோல் இன்னொரு கெடுவை அனுப்புகிறார்: இந்த நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொள், இல்லாவிட்டால் உறவு முறியும். அதில் ஒரு நிபந்தனை, டான்யூப் முகத்துவாரத்தை ஒட்டிய தெற்கு பெஸ்ஸரேபியாவை ரஷ்யா விட்டுத்தர வேண்டும் என்பது. ஒரு குண்டு சுடாத நாடு, அடிபட்டுக் கிடக்கிறவனிடம் நிலம் கேட்கிறது. ரஷ்யா ஒத்துக்கொண்டது. 1856 மார்ச் 30 பாரிஸ் ஒப்பந்தத்தில் அந்த நிலமும் போனது. கருங்கடலில் போர்க்கப்பல் வைத்துக்கொள்ளும் உரிமையும் போனது.

அதே மாநாட்டில் ரஷ்யப் பிரதிநிதி ஓர்லோவ் யாரிடம் சிரித்துப் பேசினார் தெரியுமா? இரண்டு வருஷம் தங்களைச் சுட்ட பிரெஞ்சுக்காரர்களிடம். சுட்டவனை மன்னிக்க முடிந்தது. சுடாமல் மிரட்டியவனை முடியவில்லை.

ஏப்ரல் 15-ம் தேதி ஆஸ்திரியா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து பாரிஸ் ஏற்பாட்டைக் காப்போம் என்று தனியாக ஒரு ஒப்பந்தம் போட்டன. பழைய நண்பன் போனால் என்ன, இரண்டு புது நண்பர்கள் என்று பூவோல் நினைத்திருப்பார். கூட்டணி என்பது தாளில் இருப்பதா, தேவை வரும்போது யாராவது உயிரைக் கொடுக்க வருவார்களா என்பதா? மூன்றே வருஷத்தில் பதில் தெரிந்தது. அந்தப் புது நண்பர்களில் ஒருவரான பிரான்சே ஆஸ்திரியா மேல் படையெடுத்து வந்தது.

1858 ஜூலையில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனும் காவூரும் பிளோம்பியேர் என்ற ஊரில் ரகசியமாகச் சந்தித்துத் திட்டம் போட்டார்கள். 1859 மார்ச்சில் பிரான்சும் ரஷ்யாவும் ஒரு ரகசிய ஒப்பந்தம் போட்டுக்கொண்டன: இத்தாலியில் போர் வந்தால் ரஷ்யா பிரான்சுக்குச் சாதகமாக ஒதுங்கி நிற்கும். 1849-ல் 2 லட்சம் பேரை அனுப்பிய ரஷ்யா! ஆஸ்திரியா அவசரப்பட்டுச் சார்டினியாவுக்குக் கெடு வைத்து, தானே எல்லையைத் தாண்டி, பழியையும் தலையில் போட்டுக்கொண்டது. மெஜன்டாவில் தோல்வி, ஜூன் 24-ல் சோல்பெரினோவில் தோல்வி, லொம்பார்டி போச்சு. பூவோல் மே மாதமே பதவி இழந்திருந்தார். 1861-ல் இத்தாலி அரசு அறிவிக்கப்பட்டது.

1866-ல் இதே கதை பிரஷ்யாவோடு. பிஸ்மார்க் அதற்குள் ரஷ்யத் தலைநகரில் மூன்று வருஷம் தூதராக இருந்து நட்பை உரம் போட்டு வளர்த்திருந்தார். 1863-ல் போலந்தில் கலகம் வந்தபோது, ரஷ்யாவோடு ஒத்துழைக்க ஒப்பந்தம் போட்டார். மூன்று வருஷம் கழித்து ஆஸ்திரியா மேல் பாய்ந்தபோது முதுகுக்குப் பின்னால் பயமில்லை. கூனிக்ராட்ஸ் சண்டை ஒரே நாளில், ஜூலை 3-ல், முடிந்தது. ஜெர்மனியிலிருந்து ஆஸ்திரியா வெளியே தள்ளப்பட்டது. வெனிஸும் போனது. ஜெர்மன் குறுநில மன்னர்கள் பதவி இழப்பது பற்றி ஜார் முணுமுணுத்தார், அவ்வளவுதான்.

இதையெல்லாம் ‘நன்றி கெட்ட ஆஸ்திரியாவுக்குக் கிடைத்த தண்டனை’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. டான்யூப் விஷயத்தில் ஆஸ்திரியாவின் கவலை நிஜமானது. பால் ஷ்ரோடர் என்ற வரலாற்றாசிரியர் 1972-ல் வெளிவந்த தன் புத்தகத்தில், பூவோல் உண்மையில் போரைப் பேச்சால் நிறுத்தவே பாடுபட்டார், பழைய ஏற்பாட்டை உடைத்ததில் பிரிட்டனின் பங்குதான் பெரிது என்று வாதிடுகிறார். பிரிட்டன் சமாதானத்துக்கு அவசரப்படவில்லை என்பதில் அவரோடு நான் ஒத்துப்போகிறேன். ஆனால் பெஸ்ஸரேபியா? அதற்கு அவர் தரும் சமாதானம் எனக்குப் போதவில்லை. 1854-ல் ரஷ்யா சிற்றரசுகளிலிருந்து வெளியேறியதோடு ஆஸ்திரியாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அங்கேயே நின்றிருக்கலாம். நிக்கலஸ் அப்போதும் கோபப்பட்டிருப்பார்தான். கோபம் ஆறும். நிலம் போன வடு ஆறாது.

இன்னும் அடியில் ஒரு விஷயம் இருக்கிறது. 1815 ஏற்பாட்டுக்கு ஒரு காவல்காரன் இருந்தான், அது ரஷ்யா. எங்கே எல்லை மாறினாலும் புரட்சி வரும் என்று பயந்து, இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டும் என்று செலவு செய்து காத்தவன். ஆஸ்திரியா மாதிரிப் பல இனங்களைக் கட்டி மேய்க்கிற பேரரசுக்கு அந்தக் காவல் மூச்சுக்காற்று. பாரிஸ் ஒப்பந்தத்துக்கு அப்புறம் அந்தக் காவல்காரனுக்கே வீட்டை இடிக்கணும் என்ற ஆசை வந்துவிட்டது. 1856-ல் ரஷ்ய வெளியுறவு அமைச்சரான கோர்ச்சகோவ், ரஷ்யா ஊடல் கொண்டு ஒதுங்கவில்லை, தன்னைச் சேர்த்துக்கொள்கிறது என்ற பொருள்பட ஒரு சுற்றறிக்கை விட்டார். போர் நடந்த காலத்தில் அவர் வியன்னாவில்தான் தூதராக இருந்தார். எல்லாத்தையும் பக்கத்திலிருந்து பார்த்தவர். கருங்கடல் தடையை நீக்க யார் உதவுவார்களோ அவர்களோடு போவது, அவர்கள் ஐரோப்பாவை என்ன செய்தாலும் சரி. அடுத்த பதினைந்து வருஷம் அவருடைய கொள்கை அவ்வளவுதான். 1870-ல் பிரஷ்யாவும் பிரான்சும் மோதியபோது ரஷ்யா ஆஸ்திரியாவை அசையவிடாமல் பார்த்துக்கொண்டது. அக்டோபரில் கருங்கடல் நிபந்தனை இனி செல்லாது என்று கோர்ச்சகோவ் அறிவித்தார். 1871 மார்ச்சில் லண்டன் மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. ஜெர்மனி உருவானதும் கருங்கடல் திறந்ததும் ஒரே குளிர்காலத்தில்.

ஆஸ்திரியா? இத்தாலியும் இல்லை, ஜெர்மனியும் இல்லை என்றான பின் அதற்கு மிஞ்சியது ஹங்கேரியும் பால்கனும்தான். 1867-ல் ஹங்கேரியர்களோடு சமரசம் செய்து பேரரசையே இரட்டை முடியாட்சியாகப் பிரித்துக்கொண்டார் பிரான்ஸ் ஜோசப். ரஷ்யப் படையை வரவழைத்து எந்த மக்களை நசுக்கினாரோ, அவர்கள் முன்னாலேயே போய் ஹங்கேரி மன்னராக முடிசூட்டிக்கொண்டார். புதிய ஹங்கேரியின் முதல் பிரதமர் ஜூலா ஆந்த்ராஷி. 1849-ல் புரட்சி அரசின் தூதராகத் துருக்கிக்குப் போனவர். ஆள் கையில் கிடைக்காததால் 1851-ல் அவர் பேரைத் தூக்குமரத்தில் மாட்டி ஆஸ்திரிய அரசு தண்டனையை ‘நிறைவேற்றியது’. அதே மனிதர் 1871-ல் பேரரசு முழுமைக்கும் வெளியுறவு அமைச்சர் ஆனார். 1879 அக்டோபரில் ரஷ்யாவுக்கு எதிராக ஜெர்மனியோடு கூட்டணி ஒப்பந்தம் போட்டதும் அவர்தான். 1914-ல் இரண்டு நாடுகளையும் சேர்ந்தே போருக்குள் இழுத்துப் போட்டது அந்தக் கூட்டணி. அன்றும் வியன்னா அரியணையில் இருந்தவர் பிரான்ஸ் ஜோசப், வயசு 83.